பாறைகளின் பிறப்பிடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தரான நாம் விஞ்ஞானம் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். சரக்கு அலுவலகத்தில் அமர்ந்தோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டுக் கிழிந்த மூட்டை ஒன்று வந்து சேர்ந்தால், “இஃது எங்கே ஏற்றப்பட்டது? எவ்வழியே வந்தது?” என்று உள்ளிருக்கும் பொருளைக் கொண்டே ஆராய்வோம். அவ்வினாக்களையே நம் காலடியிற் கிடக்கும் கல்லை நோக்கி விடுப்போம்.

நாம் குடியேறியிருக்கும் இத்தக்காணத்தில், தண்டவாளத்தின் அடியிற் பரப்பியிருக்கும் கரிய ஜல்லியைப் பாருங்கள். அது பசால்ட் என்னும் தீப்பாறை. 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதைக்காகக் குடையப்பட்டதும் இப்பாறையே. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பூமி பிளந்து, பாறைக்குழம்பு மீண்டும் மீண்டும் பொங்கிப் பரவி, அடுக்கடுக்காக உறைந்தது. ‘தக்காண டிராப்’ என்னும் பெயரிலுள்ள ‘டிராப்’, படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லின் வழி வந்தது. மலைச்சரிவுகள் படிப்படியாகத் தோன்றுவதே அதற்குக் காரணம். தேய்ந்தது போக இன்று எஞ்சியிருப்பது மட்டும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

கண்ணுக்கு எல்லாம் ஒரே கருமை. ஆயினும் ஒவ்வோர் அடுக்கும் தன் வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் கலையே புவி இரசாயனம்.

பாறைக்குழம்பு குளிரும்போது எல்லாம் ஒருங்கே உறைவதில்லை. ஆலிவின் போன்ற கனிமங்கள் முந்திக்கொண்டு படிகமாகின்றன. அவை மெக்னீசியத்தையும் நிக்கலையும் மிகுதியாக எடுத்துக்கொண்டு அடியில் தங்கிவிட்டால், எஞ்சிய குழம்பின் இயல்பே மாறிவிடும். இம்முறையைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்த நார்மன் போவன் என்பார், தீப்பாறைகளின் வளர்ச்சி பற்றிய நூலை 1928-இல் வெளியிட்டார். ஆகவே, ஒரு கல்லில் மெக்னீசியமும் நிக்கலும் குறைந்திருந்தால், மேலே வருமுன் அது வழியில் தங்கி எதையோ இறக்கிவிட்டு வந்தது என்று அறியலாம்.

வழியில் எதை ஏற்றிக்கொண்டது என்பதையும் அறியலாம். ருபிடியம் என்னும் மூலகத்தின் ஒரு வகை, பல கோடி ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஸ்ட்ரான்சியம் 87 ஆக மாறுகிறது. பூமியின் பழைய மேலோட்டில் ருபிடியம் மிகுதி. ஆழத்திலுள்ள பகுதியிலோ குறைவு. எனவே ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் மேலோட்டுப் பாறையில் உயர்ந்திருக்கும். அம்பேனளி அடுக்கில் இவ்விகிதம் 0.704-க்கு அண்மையில் இருக்கிறது. ஆழத்திலிருந்து அதிகக் கலப்பின்றி வந்த குழம்பு அது. புஷே அடுக்கிலோ 0.713-க்கும் மேற்படுகிறது, மேலே வரும் வழியில் மேலோட்டைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது அது. மூன்றாம் தசம தானத்தில் இவ்வளவு பெரிய கதை!

இன்னும் ஒரு வியப்பு. தக்காணப் பாறைப் பரப்பினின்று வெகு தொலைவில், கோதாவரிக் கரையில், ராஜமுந்திரிக்கு அருகிலும் பசால்ட் கிடக்கிறது. அங்கேயே பொங்கியதா, வந்தேறியதா என்னும் வினா எழுந்தது. அறிஞர்கள் டைட்டானியம், சிர்க்கோனியம், ஸ்ட்ரான்சியம் முதலியவற்றை அளந்து பார்த்தனர். அவை மேற்குத் தொடர்ச்சி மலையின் அம்பேனளி, மகாபலேஸ்வர் அடுக்குகளோடு ஒத்திருந்தன. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடிவந்த குழம்பு அது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. உலகில் நாம் அறிந்த மிக நீண்ட எரிமலைக் குழம்பு ஓட்டங்களுள் அதுவும் ஒன்று.

நண்பர்களே! நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். “எந்த ஊர்?” என்று எவரேனும் வினவினால் அவர்கள் ஒரு கணம் தயங்குவதை நாம் காண்கிறோம். தமிழோடு மராத்தியும் இந்தியும் கலந்து பேசும் அவர்களைக் கண்டு, “எல்லாம் போயிற்று” என்று வருந்துவோர் ஒரு சாரார். “பழைய ஊர் நமக்கெதற்கு?” என்பார் மற்றொரு சாரார். கல்லுக்கு மனமில்லை, அதைக் காட்டி மனிதரை அளப்பது முறையன்று. எனினும் ஒன்று சொல்லலாம். புஷே அடுக்கு வழியில் எவ்வளவோ சேர்த்துக்கொண்டது. அதனால் அது தக்காணப் பாறை அல்லாததாகிவிடவில்லை. ராஜமுந்திரிக் கல் 1,000 கிலோமீட்டர் கடந்தது, அங்கேயே நிலைபெற்றது, தன் பிறப்பை இழக்கவுமில்லை.

ஆனால் கல்லுக்குள் எழுத்துத் தானே நிலைத்திருக்கும். மனிதருக்கோ கற்றுக் கொடுத்தாலன்றி நிலைக்காது. பிள்ளைகள் இந்நாட்டு மொழியைச் செம்மையாகக் கற்கட்டும். அதனோடு, தம் பாட்டனுக்குத் தம் கையாலேயே தமிழில் ஒரு கடிதம் எழுதவும் கற்கட்டும். நம் சங்கம் அதற்கு வகை செய்யுமாயின், இவ்விழா பயனுடையதாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!