பக்கத்து மேசைக்காரரின் துப்பாக்கி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு வேலை அனுபவத்தைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சம்பளம், விசா பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் 1998 முதல் 2022 வரை அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகருக்கு அருகே வேலை பார்த்தவன். அங்கே என் பக்கத்து மேசையில் இருந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவரிடம் துப்பாக்கிகள் இருந்தன. அது தெரிந்தபின் நாங்கள் அவரைப் பார்த்த பார்வையே மாறிப்போனது. அந்தப் பார்வை எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

துப்பாக்கி நமக்கு முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. நான் இங்கே என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டிருக்கிறேன். ஐந்தில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை என்பது என் தோழர்களுக்கு இன்னும் மறக்கவில்லை! என் தந்தையார் வேலை பார்த்த வங்கியில் காவலர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். எங்களுக்கு மிட்டாய் கொடுப்பார். அவரைக் கண்டு யாரும் பயந்ததில்லை. ஏனென்றால் அவர் எதற்காக அதை வைத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் கதை வேறு. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க ஆயிரம் காரணம் காட்ட வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கேயோ ஆயுதம் வைத்திருப்பது 1791-லேயே அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை. 2023-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்கிறார். ஆகவே உங்களில் யாராவது அங்கே வேலைக்குப் போனால், மதியம் உங்களோடு சாப்பிடுகிறவர்களில் ஒருவராவது துப்பாக்கிக்காரராக இருப்பார். யார் என்றுதான் தெரியாது.

என் பக்கத்து மேசைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் போன புதிதில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். டெக்சாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அடுத்த வாரம் ஒரு டப்பா நிறைய மான்கறி கொண்டுவந்து மேசையில் வைத்தார். நம்ம ஊர் உப்புக்கண்டம் மாதிரியே இருந்தது. "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டேன். "நானே சுட்டது" என்றார். "அடுப்பிலயா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வேட்டைத் துப்பாக்கி என்றவரை எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், தன் காருக்குள்ளும் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது, அதற்கு உரிமமும் உண்டு என்று சொல்லிவிட்டார். அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் மேசைக்கு வரும் கூட்டம் குறைந்தது. அவர் குரலை உயர்த்திப் பேசினால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பும் அவர் உரக்கப் பேசுகிறவர்தான். மாறியது எங்கள் காது.

எங்கள் அலுவலகக் கதவில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது. கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று பொருள். டெக்சாஸ் குற்றச் சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் 30.06. பேர்போன வேட்டைத் தோட்டா ஒன்றின் பெயரும் முப்பது–ஓட்–சிக்ஸ்தான் என்று அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். அவர் அந்தப் பலகையை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் கார் நிறுத்தும் இடம்? அங்கேதான் சண்டை. 2002-இல் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில், வாலியன்ட் என்ற ஊரின் காகித ஆலையில், காருக்குள் துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பல தொழிலாளர்களை வேலையைவிட்டே நீக்கினார்கள். அதற்குப் பிறகு, பூட்டிய காருக்குள் தொழிலாளி வைத்திருப்பதை முதலாளி தடுக்கக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. டெக்சாஸிலும் 2011-இல் அப்படியொரு சட்டம் வந்தது. 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலோர் கைத்துப்பாக்கியை எடுத்துச்செல்ல உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது. சட்டம் வந்து என்ன? சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காருவதா வேண்டாமா என்பதைச் சட்டம் தீர்மானிக்க முடியாதே!

பயந்தவர்கள் எல்லாம் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். 1986-இல் ஓக்லஹோமாவின் எட்மண்ட் நகரத் தபால் அலுவலகத்தில், அங்கேயே வேலை பார்த்த ஒருவர் சக ஊழியர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அங்கே வேலைக்குப் போகும் ஒவ்வொருவர் மனதிலும் அப்படியொரு செய்தி இருக்கிறது.

இதை ஒருநாள் அவரிடமே கேட்டேன். அவர் வேறொரு ஊரைச் சொன்னார். டல்லாஸுக்குத் தெற்கே கிலீன். 1991 அக்டோபரில் அங்கே ஒரு உணவு விடுதிக்குள் புகுந்த ஒருவன் 23 பேரைக் கொன்றான். தாய் தந்தையோடு சாப்பிட வந்திருந்த சூசானா ஹப் என்ற பெண்மணியிடம் கைத்துப்பாக்கி இருந்தது. அன்றைய சட்டத்துக்குப் பயந்து அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் தப்பினார், பெற்றோர் இருவரும் இறந்தார்கள். பின்னாளில் அவர் சட்டமன்ற உறுப்பினராகி, துப்பாக்கி உரிமைக்காகவே வாதாடினார். "நீ எட்மண்டை நினைச்சுப் பயப்படற, நான் கிலீனை நினைச்சுப் பயப்படறேன். ரெண்டு பேரும் பயந்தவங்கதான்" என்றார் அவர். எனக்கு உடன்பாடு இல்லை. இன்றுவரை நான் துப்பாக்கி வாங்கவில்லை. ஆனால் அவர் எதற்காக வைத்திருக்கிறார் என்பது அன்றுதான் புரிந்தது.

இனி என் தவறைச் சொல்கிறேன். 2009-இல் ஆட்குறைப்பு வந்தது. யார் பெயர் வரும் என்று எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். "அவரை நீக்கினா என்ன ஆகுமோ" என்று யாரோ சொல்ல, "எதுக்கும் நாம மேசைக்கடியில ஒளியப் பழகிக்கலாம்" என்று நான் சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கை கால் முளைத்து ஹெச்.ஆர். பிரிவுக்குப் போய்விட்டது. அவரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். ஒரு குற்றமும் இல்லை. அவர் வேலையும் போகவில்லை. ஆனால் வெளியே வந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர்! அந்த நவம்பரில் மான்கறி வரவில்லை.

மூன்று வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. என் மனைவி, "போய் நேர்ல சொல்லிடுங்க, பாரமாவது குறையும்" என்றாள். போனேன். "அந்தப் பேச்சை ஆரம்பிச்சது நான்தான். வேடிக்கைக்குச் சொன்னேன், ஆனா உள்ளுக்குள்ள பயமும் இருந்தது. மன்னிச்சிடுங்க" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, போ" என்றார். அவ்வளவுதான். பழைய நெருக்கம் உடனே திரும்பவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து அவர் மனைவி புற்றுநோயில் காலமானார். பிள்ளைகள் தூரத்து மாநிலங்களில் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் போனபின் என் மேசைக்கு வந்தார். ஒரு சாவியை வைத்தார். "துப்பாக்கி எல்லாம் இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். இந்தச் சாவியைக் கொஞ்ச நாள் நீ வச்சிரு. ராத்திரியில அது என்கிட்ட இருக்கறது இப்போதைக்கு நல்லதில்லை" என்றார். எனக்குக் கை நடுங்கியது. "ஏன் என்கிட்ட?" என்று கேட்டேன். "இந்த ஆபீஸ்ல என்னைக் கண்டு பயந்தேன்னு என் முகத்துக்கு நேரா சொன்னவன் நீ ஒருத்தன்தான். மத்தவங்ககிட்ட இதைச் சொன்னா நேரா ஹெச்.ஆருக்குப் போயிடும்" என்றார்.

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் நம்மை ஏதாவது செய்துவிடுவாரோ என்று பதினாறு ஆண்டுகள் பயந்தோம். ஆபத்து அவருக்கே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். துப்பாக்கியால் அப்படி முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்தக் கெட்ட வேளையில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், பல உயிர் தப்பும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நாங்களோ அவரைச் சுற்றி இருந்த ஆட்களையெல்லாம் எங்கள் பேச்சாலேயே விரட்டிவிட்டிருந்தோம்.

சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "நமக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்று கேட்ட என் மனைவியே, விஷயம் தெரிந்ததும் அதை வாங்கி சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். ஞாயிறுதோறும் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சாம்பார் பழகிவிட்டது. ஒரு மருத்துவரிடமும் போய்வந்தார். ஒன்பது மாதம் கழித்து, "இப்ப கொடு" என்றார். உடனே கொடுக்கவில்லை. "உங்க மகளை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாவே வந்து, அப்பாவோடு நின்று வாங்கிக்கொண்டார். அடுத்த நவம்பரில் என் மேசையில் ஒரு டப்பா இருந்தது.

துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது அந்த நாட்டுக்காரர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. கூட வேலை செய்கிறவர் ஒருவர் உண்மையிலேயே மிரட்டினால், தயங்காமல் மேலிடத்தில் சொல்லுங்கள், அது கடமை. ஆனால் ஒருவரிடம் உள்ள ஒரு பொருளை வைத்து அவரை அளக்கும்போது, முதலில் அவர் முகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். பயம் இருந்தால் பயம் என்றே சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும் பேசாதீர்கள்.

அவர் ஓய்வுபெற்று இப்போது மகள் வீட்டருகே இருக்கிறார். நான் இந்த விழாவுக்கு வருவது தெரிந்து, "அந்த அஞ்சு ரவுண்டையும் கோட்டைவிட்டதைச் சொல்ல மறந்துடாதே" என்று தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டேன்.