ஒரே அச்சுப்பொறி, பல கணிப்பொறிகள்



ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது கணிப்பொறிகள் இருக்கின்றன. அச்சுப்பொறியோ ஒன்றே ஒன்று. இருபது பேரும் அதனைப் பூசலின்றிப் பயன்படுத்துவது எங்ஙனம்? கோப்பினைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, அச்சுப்பொறி இணைந்த கணிப்பொறியின் அருகே காத்து நிற்பதே பல இடங்களில் வழக்கம். இதனால் காலம் வீணாவது ஒருபுறமிருக்க, வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் யார் கண்ணிலும் படக்கூடிய கணிப்பொறியிலே தங்கிவிடுகின்றன. வைரஸும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது. இக்குறையை நீக்கும் வழியைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு இந்தப் பொருளோடு உறவு உண்டு. கட்டற்ற மென்பொருள் அறநிறுவனத்தின் இந்தியச் சகோதர அமைப்பு 2001ஆம் ஆண்டு இந்நகரிலேதான் தொடங்கப்பெற்றது. அவ்வியக்கத்தின் முதல்வரான ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்த வழியில் இறங்கியதற்கு ஓர் அச்சுப்பொறியும் காரணமாயிற்று. அவர் பணியாற்றிய அமெரிக்க ஆய்வுக்கூடத்திலே, தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்போருக்கு உடனே அறிவிக்குமாறு பழைய பொறியின் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய பொறி வந்தது. அதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை, கேட்டபோது மறுக்கப்பட்டது. தம் கருவியைத் தாமே சீர்செய்யும் உரிமை பறிபோயிற்று என்னும் உணர்வு அவரை வாட்டியது. 1983ஆம் ஆண்டு குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். கேரளப் பள்ளிகளுக்கென 2001இல் எழுந்த ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. இம்மாநிலப் பள்ளிகளில் மாணவர் பயில்வது அந்தக் குனூ வழிவந்த லினக்ஸ் அமைப்பிலேயாகும்.

இனி, அச்சிடும் வேலை நடக்கும் முறையைக் காண்போம். தம்பானூர் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வாங்குவோர் ஒரே சாளரத்தின்முன் வரிசையாக நிற்கிறார்கள் அல்லவா? யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளிலும் அவ்வாறே. யார் எப்போது அச்சிடச் சொன்னாலும், அந்த வேலை முதலில் வட்டில் ஒரு வரிசையில் சேமிக்கப்படுகிறது. பின்னணியில் ஓயாது விழித்திருக்கும் ஒரு நிரல், முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பொறிக்கு அனுப்புகிறது. அனுப்பியவர் காத்திராமல் தம் பணியைத் தொடரலாம். இக்காலத்தில் இப்பணியைச் செய்வது கப்ஸ் என்னும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கிய இது 1999இல் வெளிவந்தது.

அமைக்கும் முறை கடினமன்று. அச்சுப்பொறி கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ வலையில் சேருமாயின், அதற்கு மாறாத ஒரு முகவரியை ரவுட்டரில் ஒதுக்குதல் முதற்பணி. முகவரி நாள்தோறும் மாறினால் வரிசை வழிதவறும். அடுத்து, ஒரு கணிப்பொறியைப் பொறுப்பாளராக நியமித்து, அதில் கப்ஸ் நிறுவுதல் வேண்டும். அந்தக் கணிப்பொறியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்னும் பெயரையும், முக்காற்புள்ளியிட்டு 631 என்னும் எண்ணையும் ஆங்கில எழுத்துகளில் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே அச்சுப்பொறியைச் சேர்த்து, சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பார்த்து, பகிர்வதற்கான குறியை இடுக. ஒரே வலையிலுள்ள பிற கணிப்பொறிகளில் அந்தப் பொறி பெரும்பாலும் தானாகவே தோன்றும்.

தமிழ் எழுத்துகள் சரியாக அச்சாகுமோ என்று ஐயுறுவோர் உளர். ஆவணத்தைப் பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருவையும் அதனுள்ளே பதித்து அனுப்பினால், மறுமுனையில் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் தமிழ் சிதையாது.

இன்னொன்று: தாள் தீர்ந்தோ சிக்கியோ பொறி நின்றால், சில அமைப்புகளில் வரிசையும் நிறுத்தப்பட்டுவிடும். தாளை வைத்தபின்னும் அது தானே எழுவதில்லை. பொறி கெட்டுவிட்டதென்று பழுதுபார்ப்பவரை அழைக்குமுன், நிர்வாகப் பக்கத்தில் வரிசையை மீண்டும் தொடங்கச் சொல்லிப் பாருங்கள். பழுது ஏற்பட்டால் வரிசையை நிறுத்தாது மீண்டும் முயலுமாறு முன்னரே விதித்துவைப்பதும் நலம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அதே பக்கத்தில், இணையத்திலிருந்தும் அச்சிட அனுமதிக்கும் குறி ஒன்றும் உண்டு; அதனை இடாதிருப்பதே அறிவுடைமை. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், அச்சுப்பொறிகளைத் தேடித் தரும் துணைநிரல் முதலியவற்றில் கடுமையான ஓட்டைகள் வெளிப்பட்டன. வெளியார் ஒருவர் போலிப் பொறியை நம் பட்டியலில் புகுத்தி, நாம் அதில் அச்சிட முனையும் வேளையில் தம் கட்டளையை நம் கணிப்பொறியில் நடத்திவிட இயலும் என்று தெரியவந்தது. திருத்தங்கள் விரைவில் வந்தன. ஆயினும், மென்பொருளைப் புதுப்பிக்காதவருக்குத் திருத்தம் வந்து பயன் என்ன? வீட்டு வாயிலைத் தெருவுக்குத் திறந்துவைக்காதது போலவே, 631 என்னும் வாயிலையும் வெளியுலகுக்கு அடைத்தே வைக்க வேண்டும்.

பொறியை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதனை ஆளும் அறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நிரலைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் இவ்வரிசையின் போக்கை அறிந்துகொண்டால், சிறு தடைக்கெல்லாம் பிறர் வரவை எதிர்நோக்கி இருக்கும் நிலை அப்பள்ளிக்கு இராது.