வீடு மாறும்போது வளர்ந்த பையன்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லோர் கண்ணிலும் படும். அதே சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருக்கின்றன. சற்று உள்ளே, செங்கல்பட்டு மாவட்டத்தில், பெரும்பாக்கம். 2000-ஆம் ஆண்டில் கண்ணகி நகர் உருவானது. சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பள்ளி ஆண்டின் நடுவிலேயே, அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடி பிளாக்குகளில் குடியேறினார்கள். இந்த இடமாற்றங்களைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம்: வீட்டின் பரப்பு, லிஃப்ட், தண்ணீர், பஸ். அங்கே வந்து சேர்ந்தபோது பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருந்த பையன்களைப் பற்றி மட்டும், ஏதாவது அடிதடி நடந்தால் தவிர, பேசுவதில்லை. இடமாற்றத்தின் சுமை அந்த வயதுப் பையன்கள் மேல் தனி விதமாக இறங்குகிறது. வீடு ஒதுக்குகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் என் வாதம்.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1994-க்கும் 1998-க்கும் இடையில் பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் நகரங்களில் ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்களைச் சேர்த்துக் குலுக்கல் நடத்தினார்கள். சீட்டு விழுந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக அரசு உதவி கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், இடம் மாறிய குடும்பங்களின் பெண் பிள்ளைகள் மனநலத்தில் தேறியிருந்தார்கள். பையன்களோ பழைய இடத்திலேயே இருந்தவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் அவர்களிடம் கூடியிருந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் வயதை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன்பே நல்ல பகுதிக்குப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டிப் போனவர்களுக்கு இந்தப் பலன் இல்லை, சிறிது நட்டமே தெரிந்தது.

மனநலத்தில் ஏன் பையன்களுக்கு மட்டும் இந்தச் சரிவு? அந்தப் பிள்ளைகளிடமே பேசிப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது நம் ஊருக்கும் பொருந்துகிறது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலோ தோழி வீட்டிலோ பொழுதைக் கழித்தார்கள், பையன்களின் உலகம் தெருமுனையில் இருந்தது. பழைய தெருவில் யாரோடு சேரலாம், யாரிடமிருந்து விலகவேண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. புதிய தெருவில் அவர்கள் நின்றாலே சந்தேகம். அப்பா இடத்தில் நின்று அதட்டிய மாமாக்களும் அங்கே இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் வளரும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டை மெக்கானிக் கடைகளும் மீன் மார்க்கெட்டும் அவனுக்கு நடந்துபோகிற தூரம். படிப்பு ஏறவில்லை என்றாலும் தொழில் கற்றுத்தர ஒரு அண்ணன் இருப்பார். பெரும்பாக்கம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். அங்கே எல்லோரும் புதியவர்கள், வெவ்வேறு ஏரியாவிலிருந்து வந்து ஒரே படிக்கட்டில் மோதிக்கொள்கிறவர்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று கண்ணகி நகர் மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். பதினாறு வயதில் ஒருவன் தன்னைப் பற்றி முதன்முதலில் கேட்கும் தீர்ப்பு அதுவாக இருப்பது பெரிய கொடுமை.

அமெரிக்காவை வைத்து நம்மை அளக்கலாமா என்று கேட்பீர்கள். வேறுபாடு உண்டு, ஆனால் அது நமக்குச் சாதகமானது அல்ல. அங்கே குடும்பங்கள் தாமே விண்ணப்பித்தன, வசதி கூடிய பகுதிக்குப் போயின, அப்படியும் பையன்கள் தடுமாறினார்கள். இங்கே ஏழைகளை ஏழைகளோடு ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குவிக்கிறோம். அகமதாபாத்தில் 1987-இல் பீடித் தொழிலாளிப் பெண்களுக்குக் குலுக்கலில் கொடுத்த வீடுகளைப் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த வீடுகளுக்குச் சிலர் போகவே இல்லை, போனவர்களில் பலர் திரும்பிவிட்டார்கள். சீட்டு விழுந்த குடும்பங்களின் வருமானமோ பிள்ளைகளின் நிலையோ மற்றவர்களைவிட உயரவில்லை. ஆபத்துக்கு உதவும் உறவும் சுற்றமும்தான் குறைந்தன.

அப்படியானால் வெள்ளம் வரும் ஆற்றங்கரையிலேயே விட்டுவிடுவதா? இது நேர்மையான கேள்வி. உயிருக்கு ஆபத்தான இடத்தில் யாரையும் இருக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்திலிருந்து விலக்குவதற்கு எவ்வளவு தூரம் தேவை? மாமல்லபுரம் கடற்கரையைப் பாருங்கள். சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போனால் வீடு தரப்படும் என்றது, போக விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் கரையின் மீனவக் குப்பங்கள் பெரும்பாலும் கடலோடு இருந்த உறவை அறுத்துக்கொள்ளவில்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ வீட்டுப் பையன்கள் இன்று அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள் என்றால், அலையை அவர்களிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை என்பதும் ஒரு காரணம். சென்னைக் கரையிலிருந்து செம்மஞ்சேரிக்கு வந்த மீனவப் பையனுக்குக் கடல் பஸ் ஏறிப் போகவேண்டிய இடமாகிவிட்டது.

இப்படிப் பேசுவது பையன்களுக்குக் குற்றவாளி முத்திரை குத்தாதா, பெண் பிள்ளைகளை மறந்துவிடாதா என்ற கவலையும் நியாயமானதே. நெடுந்தூரப் பஸ்ஸில் பள்ளிக்குப் போகும் பெண்ணின் துன்பம் சிறியது அல்ல. அதே சமயம், கண்ணகி நகரின் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றார். ஒரு மைதானமும் அக்கறையுள்ள பயிற்சியும் இருந்தால் அந்த முகவரியே பெருமையாக மாறும் என்பதற்கு அவர் சான்று. பையன்களுக்கும் வேண்டியது அதுதான், போலீஸ் ரோந்து மட்டுமல்ல.

இந்த வீடுகளை ஒதுக்கும் குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அந்தப் பெயரில் உள்ள வாழ்விடம் நான்கு சுவருக்குள் அடங்காது. முடிந்த இடமெல்லாம் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தரட்டும். பெயர்த்தே தீரவேண்டும் என்றால், கணக்கெடுக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் வகுப்பையும் எழுதட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டை ஆண்டின் நடுவில் தொடவேண்டாம். பழைய தெருவில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்குப் புதிய பிளாக்கிலும் பக்கத்து வீட்டையே ஒதுக்கட்டும். ஐ.டி.ஐ.யும் விளையாட்டுத் திடலும் முதல் குடும்பம் சாவி வாங்குவதற்கு முன்பே திறந்திருக்கட்டும்.