நிலத்தரகரும் தொடர்கல்வியும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் தலைமை ஆசிரியன் ஒருவன் பேச எழுந்தால், தேர்வைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் பேசுவான் என எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பேச இம்மேடையில் பலர் உளர். நான் நிலத்தரகுத் தொழிலைப் பற்றிப் பேச விழைகிறேன். என்னிடம் பயின்றவர்களுள் பலர் இன்று அத்தொழிலில் இருக்கின்றனர். சிலர் இக்கூட்டத்திலும் அமர்ந்துள்ளனர். ஒரு செல்பேசியும் ஓர் இருசக்கர வண்டியும் இருந்தால் போதும் என்று இறங்கியவர்கள். அவர்களைக் குறை கூற நான் வரவில்லை. என் குறையையே முதலில் கூறுகிறேன்.

2009ஆம் ஆண்டில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், பேத்தியின் திருமணச் செலவுக்காகத் தம் அறுபது சென்ட் நிலத்தை விற்றார். வாங்கியவர் வெளியூர்க்காரர், நம் சமூகத்தவர் அல்லர். தரகு பேசியவர் என் பழைய மாணவர். சாட்சிக் கையெழுத்திடப் படித்தவர் ஒருவர் வேண்டுமென்று என்னை அழைத்தார். நான் பி.ஏ., பி.எட். படித்தவன். பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். எழுத்துப் பிழை இரண்டினைத் திருத்தவும் செய்தேன்! பின்னர்க் கையெழுத்திட்டேன். அது பஞ்சமி நிலம் என்பது எனக்கும் தெரியாது. என் மாணவருக்கும் தெரியாது.

வாங்கியவர் அதை மனைகளாகப் பிரித்து விற்றார். மனை வாங்கிய பேருந்து நடத்துநர் ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குச் சென்றபோது, அவ்வங்கியின் வழக்கறிஞர் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டைப் பார்த்துவிட்டு, கடன் வழங்க இயலாதென எழுதிவிட்டார். மூதாட்டி காலமாகிவிட்டார். நிலம் அவர் வாரிசுகளுக்கும் திரும்பவில்லை, நடத்துநருக்கும் வீடாகவில்லை. என் மாணவர் என்னிடம் வந்து கேட்டார்: “ஐயா, வில்லங்கச் சான்று சுத்தமாகத்தானே இருந்தது?”

சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நாம் கேட்ட காலத்துக்குள் பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே அச்சான்று காட்டும். 1892இல் அரசு விதித்த நிபந்தனை அதில் வாராது.

செங்கற்பட்டில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலைக்கு நிலமின்மையே பெருங்காரணம் எனக் கண்டு அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறுவர். முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. இந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று, செங்கற்பட்டை அடுத்த காரணைப் போராட்டத்தில், ஜான் தாமஸ், ஏழுமலை எனும் இருவரும் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியாயினர். அவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். ஆனால் ‘அ’ பதிவேட்டில் அந்நிலம் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. ஆகவே இன்றைய பட்டாவை மட்டும் பார்த்துத் தெளிந்துவிட முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கு முந்தைய பதிவேட்டையும் பார்த்தாக வேண்டும். வீட்டுமனைக்காக அரசு வழங்கிய கண்டிஷன் பட்டாவும் இத்தகையதே. அதன் நிபந்தனைகளை முழுவதும் படிக்காமல் விலை பேசக்கூடாது.

ஒருமுறை கற்றால் போதுமா எனில், போதாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் தடை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாளை எல்லையாகக் கொண்டு மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. பதிவுக் கட்டணம் 2017இல் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆயிற்று. 2023இல் 2 ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் மேலும் 1 விழுக்காடு குறைவு. இதை அறியாத தரகரால் ஓர் ஏழைப் பெண் பத்தாயிரம் ரூபாய் வரை இழக்கக்கூடும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பணியிடைப் பயிற்சி உண்டு. அதை நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே செல்வோம் என்பது வேறு! ‘ரெரா’ என வழங்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அதன்கீழ்ப் பதிவான மனைத்திட்டங்களில் விற்பனைக்கு உதவும் தரகர் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பொய்த் தகவல் தரலாகாது என்கிறது. மகாராட்டிர மாநில ஆணையம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க 22½ மணி நேரம் பாடம் கேட்டிருக்க வேண்டும். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு காட்டலாகாது என்பதற்கே அதில் மூன்று மணி நேரம். கறுப்பின மக்களுக்கு வீடில்லை என்று கைவிரித்த தரகர்கள் அந்நாட்டிலும் இருந்தனர். நகரத்தில் வாடகை வீடு தேடி, “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியைக் கேட்ட இளைஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

“பஞ்சமி நிலம் என்று சொன்னால் விற்பனை நின்றுவிடும், தரகும் போய்விடும்” என்று ஒரு தம்பி என்னிடம் கூறினார். உண்மைதான். நம் சமூகத்திலேயே வாங்குபவரைத் தேடலாம். அதற்கு அரசாணையே இடம் தருகிறது. விலை குறையும், தரகும் குறையும், அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அந்த நடத்துநர் இன்றும் என் மாணவரின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். அந்த நிலையும் தொழிலைக் கெடுப்பதுதானே?

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் சங்கப் படிப்பகத்தில் முதல் வகுப்பு தொடங்கும். ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் ஊதியமின்றிப் பாடம் நடத்த இசைந்துள்ளார். தரகர்கள் மட்டுமன்றி, நிலம் உடையோரும் வரலாம். வருவோர் தத்தம் வீட்டுப் பட்டாவின் நகலைக் கொண்டு வருக. பட்டா இல்லாதோர் புல எண்ணையாவது குறித்து வருக. அந்த மூதாட்டியின் பத்திர நகலை நான் கொண்டு வருகிறேன். அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது.