ஜன்னலோரம் ஒரு பனிமலை
(சாமளாபுரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் பேசியது)



கோடை விடுமுறையில் டெல்லியிலிருந்து காத்மாண்டுக்கு விமானத்தில் போனேன். இமயமலை இடப்பக்கம் தெரியும் என்று இடது ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன். மலை வந்ததும் கைப்பேசியில் எடுத்துத் தள்ளினேன். பார்த்தால், கண்ணாடியில் பிரதிபலித்த என் சேலையும், ஜன்னலின் சிறு துளையைச் சுற்றிப் படிந்த உறைபனியும்தான் பளிச்சென்று விழுந்திருந்தன. மலை மங்கல். பையில் கறுப்பு பனியன் ஒன்று இருந்தது (நம்மூர்க்காரர் வேறெதைக் கொண்டுபோவோம்!). அதைக் கைப்பேசியைச் சுற்றிப் பிடித்து, திரையில் மலையைத் தொட்டு எடுத்தேன். சரியாக வந்தது.

வகுப்பில் நல்ல படத்தை மட்டும் காட்டினேன். தறி ஓட்டுபவரின் மகள் எழுந்தாள்.

“உச்சி சூரியனுக்குப் பக்கம்தானுங்க டீச்சர், ஏன் உருகலீங்க?”

“உயரே போனால் குளிரும்.”

“அதுதான் ஏனுங்க?”

இருபது வருடமாக அந்தப் பாடம் நடத்துகிறேன். தடுமாறிவிட்டேன். நாளை சொல்கிறேன் என்றேன்.

இரவு உட்கார்ந்து படித்தேன். வெயில் முதலில் தரையைச் சுடுகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. மேலெழும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்; எவரெஸ்ட்டின் 8,849 மீட்டர் அதற்கு ஒரு பொருட்டா?

மறுநாள் சைக்கிள் டியூபிலிருந்து பீறிடும் காற்றில் விரலை வைக்கச் சொன்னேன். சில்லென்றது. பிறகு கெட்டுப்போன படத்தையும் காட்டினேன். கீழே 34 டிகிரி என்றால் 10 கிலோமீட்டர் உயரத்தில்? நோட்டில் கணக்குப் போட்டார்கள். மைனஸ் 31.

“அப்ப ஜன்னல்ல பனி பிடிக்கத்தானுங்க செய்யும்” என்றாள் அவள்.