நம் மாவட்டத்தை நாம் அறிவோம்



நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நாம் வாழும் திருவாரூர் மாவட்டத்தின் மக்கள்தொகையையும் ஆட்சி அமைப்பையும் குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறோம். எண்களைக் கேட்டவுடன் சிலர்க்குச் சலிப்புத் தோன்றலாம். ஆனால் நம்மவர்க்கு எண் என்பது உரிமையின் முதற்படி என்பதை மறத்தலாகாது.

பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகை மாவட்டம் பிரிந்தது. பின்னர் 1997 சனவரி 1ஆம் நாள் திருவாரூர் தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 12,64,277 பேர். ஆண்கள் 1,000 பேருக்குப் பெண்கள் 1,017 பேர். ஐவரில் நால்வர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். நூற்றுக்கு 34 பேர் பட்டியல் இனத்தவர். மாநில அளவில் இவ்விகிதம் 20 மட்டுமே. தமிழ்நாட்டில் அக்கணக்கின்படி இதனினும் மிகுந்த விகிதம் வேறெந்த மாவட்டத்திலும் இல்லை. 1950ஆம் ஆண்டு ஆணையின் விளைவாகக் கிறித்தவர்களான நம் உறவினர் இந்த 34இல் சேரார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்வெண்ணால் விளையும் பயன் யாது? அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மக்கள்தொகை விகிதப்படி நமக்கு இடங்களை ஒதுக்குகின்றன. திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதியும் நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகளாயிருத்தற்கும் மக்கள்தொகையே அடிப்படை. எனினும், தேர்ந்தெடுக்கப்பட்ட நம் தலைவர்களை நாற்காலியில் அமர விடாமலும், கொடியேற்ற விடாமலும் தடுத்த நிகழ்ச்சிகளைத் தமிழகம் கண்டுள்ளது. இடம் பெறுவது ஒன்று. அதிகாரத்தைக் கையாளுவது மற்றொன்று.

அதிகாரத்தைக் கையாள, அது செல்லும் வழியை அறிய வேண்டும். மாவட்ட ஆட்சித் தலைவரின்கீழ் இரு வழிகள் உள்ளன. ஒன்று வருவாய்த் துறை. திருவாரூர், மன்னார்குடி ஆகிய கோட்டங்கள், அவற்றின்கீழ் வட்டங்கள், பிர்க்காக்கள், வருவாய்க் கிராமங்கள் என அது இறங்கி வரும். பட்டா, சாதிச் சான்று ஆகியவை இவ்வழியில் கிடைப்பன. மற்றொன்று வளர்ச்சித் துறை. 10 ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றின்கீழ் 430 ஊராட்சிகள் என்பது அதன் அமைப்பு. சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஊரக வேலை ஆகியவை இவ்வழியில் வருவன. வட்டாட்சியரிடம் கேட்க வேண்டியதை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டுத் திரும்பி, ஒரு நாட் கூலியை இழந்த பெற்றோர் நம்மிடையே பலர்.

முன்னாளில் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் பரம்பரையாக ஒரு சில குடும்பங்களிடமே இருந்தன. ஊர் நிலத்தின் ஏடு முழுவதும் அவர்கள் கையில். 1980இல் தமிழக அரசு அம்முறையை ஒழித்தது. தேர்வெழுதி வருவோர் கிராம நிர்வாக அலுவலர் ஆயினர். எந்த ஏட்டை நம் பாட்டனார் தொட இயலாதிருந்ததோ, அதே ஏட்டை எழுதும் பணிக்கு நம் பிள்ளைகள் இன்று தேர்வெழுதலாம்! கல்வியின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் தஞ்சை மண்ணுக்கென வந்தது. குடியிருப்பு மனையை உழைப்பாளர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. இடையில், 1968 திசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. இத்துணை விலை கொடுத்த மண்ணில், மனைப்பட்டா எவர் பெயரில் உள்ளது என்று கூடப் பாராதிருத்தல் தகுமா?

ஆகவே இளைஞர்களே, இரு பணிகளை உங்களிடம் ஒப்படைக்கிறோம். முதலாவது, உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் பட்டாவையும் சாதிச் சான்றையும் படித்துப் பாருங்கள். குறையிருப்பின் உரிய அலுவலகத்திற்கு மனு எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச்சு 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அமையுமென 2025இல் அறிவிக்கப்பட்டது. அப்போது வேலைக்காக வெளியூர் சென்றோர் உட்பட ஒருவரும் விடுபடாமலும், விவரம் பிழையாகப் பதியாமலும் பார்த்துக் கொள்ளுங்கள்.

எண்ணப்படாதவர் ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதவர்க்குப் பங்கும் இல்லை. நம்மை நாமே அறிவோம். நம் மாவட்டத்தையும் அறிவோம்!