தலையெழுத்தல்ல, கையழுக்கு!

(தாராசுரம் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், போன நோய் தணிந்த பின்னும் புதுக் காய்ச்சல் கண்டு மாண்டால் ‘தலையெழுத்து’ என்கிறோம். எழுதினவன் யார்?

2011-12ல் இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கணக்கெடுத்தார்கள். அங்கு வந்த பிறகு ரத்தத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை ஏறியவர்கள் 1400 பேர். நூற்றுக்குச் சுமார் 45 பேர் 30 நாளில் மாண்டார்கள். அதில் 20 பேர் அளவுக்குப் பூஞ்சையே காரணம்.

அது நம் தோலிலும் குடலிலும் இருப்பதுதான். ரத்தக் குழாயில் செருகிய ட்யூப் வழியே உள்ளே போகிறது. 2009ல் ஜப்பானில் கண்டறிந்த கேண்டிடா ஆரிஸ் என்ற இனமோ கட்டில் கம்பியிலும் ஒட்டிக்கிடந்து கைக்குக் கை தாவும். வழக்கமான மருந்துக்குப் பெரும்பாலும் மசியாது.

ஆகவே, திருநீறு பூசப் போகிற கையானாலும் முதலில் கழுவுங்கள். “இந்த ட்யூப் இன்னும் வேண்டுமா?” என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்க அஞ்சிக் கைகட்டி நின்றால், போவது நம்மவர் உயிரே.